போணிக்குக் கொடுத்த காக்கு

முப்பது வருடம் கடையில் நின்றவன் நான். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால், அது கையில் இல்லாவிட்டாலும் வாய் முதலில் "பாக்கலாம்" என்றுதான் சொல்லும். வீட்டில் இதற்காகத் திட்டு விழாத நாள் கிடையாது. காப்பிப்பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டால்கூட இந்த மனுஷன் நேராகப் பதில் சொல்வதில்லை என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு எங்கே ஒட்டியது, அதனால் ஒருவனுக்கு என்ன ஆயிற்று என்பதை அவளிடம் நான் சொன்னதில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில், இரும்புச் சாமான் கடை ஒன்றில் விற்பனைக்கு நின்றேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். நான் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். ஆணி, கீல், தாழ்ப்பாள், கிணற்று உருளை, சங்கிலி என்று கைக்கு ஒட்டிய துரு வாடை சோறு தின்னும்போதும் போகாது. எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

கொசுவை ஒழிக்க அரசாங்க ஆட்கள் வீடுவீடாக மருந்தடித்துக்கொண்டு போன காலம் அது. அதைப் பார்த்துவிட்டு மலைப்பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் மரங்களுக்கு மருந்தடிக்கப் பம்பு கேட்டுச் சாலைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மதறாஸிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பம்பும் அதன் உறுப்புகளும் வரவழைத்துவிட்டார். வந்த பிறகுதான் அவற்றை எப்படிப் பூட்டுவது என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. இங்கிலீஷ் துண்டுக்காகிதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது. கடைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு பத்து நாள் மாரடித்து நானே கற்றுக்கொண்டேன்.

அது அழுத்தம் குறைந்த பம்பு. வாளிக்குள் நிறுத்தி, ஒருவன் காலால் மிதித்துக்கொண்டு கையால் அடிக்க வேண்டும். மருந்து ரப்பர் குழாய் வழியாக மேலே ஏறி, பித்தளைக் குழலுக்குள் போய், நுனியில் இருக்கும் நாசில் வழியாகப் புகையாய்ச் சிதறும். பெரிய பம்பு என்றால் உறுப்புகளில் சிறுசிறு குற்றம் இருந்தாலும் வேகம் அதை மறைத்துவிடும். இதில் மறைக்க வேகம் கிடையாது. ஒரு தோல் வாசர் சரியில்லை என்றால் மருந்து பாதி மரத்தில் நின்றுவிடும். நாசில் துவாரம் கொஞ்சம் பெரிதானால் சிதறாது, ஒழுகும். சிறிதானால் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் பார்த்துப் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுக்கும் வேலை ஒன்றுதான் அந்தக் கடையில் எனக்கு ஓரளவு பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேடத்தில், நம் கணக்குக்குச் சித்திரையில், ஒரு சாயங்காலம் கல்லாற்றிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். எங்கள் நாஞ்சில் நாட்டு ஆட்கள்தான். அப்பா காலத்திலேயே மலையடிவாரத்துக்குப் போய் ஆற்றங்கரையில் சின்னக் கமுகுத் தோப்பு ஒன்று வைத்தவர்கள். மூத்தவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இரண்டு மழைக்காலமாக மகாளி நோய் வந்து பிஞ்சும் காயுமாகப் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டதாம். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து குலைகளுக்கு அடித்தால் காய் நிற்கும் என்று விவசாய ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடமும் உதிர்ந்தால் தோப்பைக் கைவிட்டுவிட வேண்டியதுதான் என்றார் மூத்தவர். அவர் தரையில் நின்று பம்பு அடிப்பார். தம்பி மரத்தில் ஏறி, குழலைப் பிடித்து அடிப்பான்.

இளையவனை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. வருகிறவர்கள் எல்லாரும் நான் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். இவன் அப்படியில்லை. நான்கு குழல்களை வாங்கி, ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக்கொண்டு, கடையின் நடுத்தூணைக் காலாலும் ஒரு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். உண்மையாகவே மரத்தில் இருக்கிறவன்போல உடம்பைச் சாய்த்து, குழலை நீட்டிப் பார்த்தான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, மேல எனக்கு ஒரு கைதான், கேட்டோ. மத்த கை மரத்துக்காக்கும். அந்த ஒரு கையில குழலையும் பிடிக்கணும், பெருவிரலால தொறக்கவும் அடைக்கவும் செய்யணும்" என்றான்.

அவன் சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம். குட்டைக் குழல் கனம் குறைவு. ஆனால் காற்று திரும்பினால் மருந்து முகத்தில் அடிக்கும். நீளக் குழல் முகத்துக்கு நல்லது. ஒரு கையால் நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். கடைசியில் நடுத்தரமான ஒன்றை, நுனி சற்று வளைந்ததை எடுத்தோம். நாசில்களை அவன் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஏழெட்டுப் பார்த்து, இரண்டை ஒதுக்கி வைத்தான். "இது ரெண்டுலயும் துவாரம் நடுவுல இல்லை. ஒரு பக்கமா அடிக்கும்." நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் விட்டு அடித்துப் பார்த்தோம். ஒரு பக்கமாகத்தான் அடித்தது.

"அவனுக்குக் கண்ணு அப்படியாக்கும்" என்றார் மூத்தவர். "கீழ நின்னே மேல எந்தக் குலையில புள்ளி விழுந்திருக்குன்னு சொல்லுவான். எனக்கு மரமே மங்கலாத்தான் தெரியுது." அவர் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

நானும் எனக்குத் தெரிந்ததைக் காட்டினேன். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை அதில் முக்கி வைக்க வேண்டும். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. துத்தத்தைக் கரைக்க மண்பானைதான், இரும்புப் பாத்திரம் ஆகவே ஆகாது. துத்தம் இரும்பைத் தின்றுவிடும். பம்பிலும் குழலிலும் மருந்து படுகிற இடமெல்லாம் பித்தளையாக இருக்க வேண்டும். இவ்வளவையும் என் வாயால் நானே அவர்களுக்குச் சொன்னேன். ஒரு கொட்டாங்கச்சியில் துத்தத்தைக் கரைத்து ஆணியை முக்கிச் சிவப்பேறுவதையும் காட்டினேன். இளையவன் அந்த ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எல்லாம் அமைந்துவிட்டது. ஒன்றுதான் குறை. குழலின் அடியில், பெருவிரல் படுகிற இடத்தில், மருந்தைத் திறந்து அடைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. கடையில் அதற்குக் காக்கு என்று பெயர். பித்தளையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இளையவன் அதை வாயில் வைத்து ஊதினான். அடைத்த பிறகும் காற்று போனது. "இது அழுவுது அண்ணாச்சி" என்று திருப்பித் தந்தான். புதுச் சரக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மற்றவற்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடிக்கப் போனார்கள்.

இனிச் சொல்லப் போவதற்கு முன்னால் எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாலையில் எங்கள் ஆட்கள் கடை எல்லாவற்றிலும் இது உண்டு. காலையில் பலகை எடுத்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி முடிந்ததும் முதலில் வருகிறவரிடம் ஆகிற விற்பனை போணி. போணி ஆகும்வரை 'இல்லை' என்ற சொல் கடைக்குள் கேட்கக் கூடாது. கேட்டது இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கிப் போகக் கூடாது. போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும். சாமர்த்தியமான விற்பனைக்காரன், கேட்டதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்து நீட்டுவான். நான் சாமர்த்தியமானவன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

இடவ மாதம் பிறந்தும் சரக்கு வரவில்லை. ஒருநாள் காலை கிராதிக் கம்பி கேட்டு வந்த ஒருவரிடம், தூக்கக் கலக்கத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். அன்றைக்கென்று பார்த்து மத்தியானம்வரை ஈ எறும்புகூடக் கடைக்கு வரவில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காலம்பற வாயில வேற சொல்லே வராதாடே ஒனக்கு? ஒன் வாயில சனியன்தான் குடியிருக்கான். நாளைக்கும் இப்படின்னா ஊருக்கு வண்டியேறு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்போதே ஏறியிருக்க வேண்டும். ஊரில் என்னை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலை, சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள், படியில் ஒருவர் ஏறி வந்தார். கல்லாற்று மூத்தவர். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, காக்கு வந்தாச்சா? மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கு. கலவைக்கு எல்லாம் ஒருக்கி வச்சாச்சு, கேட்டோ."

சரக்கு வரவில்லை. அதைச் சொல்வதற்கு ஒரே ஒரு சொல் போதும். நான் உள்ளே போய், மேல்தட்டிலிருந்து வேறொரு காக்கை எடுத்து வந்தேன். அது தண்ணீர்க் குழாய்க்கு வந்தது. உள்ளே வார்ப்பிரும்பு, மேலே பித்தளை நிறத்தில் மெல்லிய பூச்சு. மரை பொருந்தும். பார்வைக்குப் பித்தளை மாதிரியே மின்னும்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பித்தளைதானே?"

"வெள்ளத்துக்கு நல்லா நிக்கும் அண்ணாச்சி. கைக்கும் அடக்கமா இருக்கும்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. தண்ணீருக்கு அது நன்றாக நிற்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பதில் சொன்னதுபோலக் காட்டுவதுதான் என் சாமர்த்தியம். அவருக்குக் கண் மங்கல். தம்பி கூட வரவில்லை. அவர் அதை வேட்டி மடியில் பத்திரமாக முடிந்துகொண்டார். முதலாளி முகம் மலர்ந்தது. போணி ஆகிவிட்டது. அன்றைக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது.

நாலாம் நாள் புதுச் சரக்கு வந்தது. நல்ல பித்தளைக் காக்குகள், ஒரு டஜன். ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, மேலே 'கல்லாறு' என்று எழுதி, என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் எப்படியும் வருவார்கள், மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தபால் கார்டுகூட வாங்கினேன். 'அன்று தந்ததை மருந்துக்கு உபயோகிக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அது போதும். ஆனால் ஏன் தந்தாய் என்று வருமே? முதலாளி காதில் விழுமே? கார்டு இழுப்பறையிலேயே கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. சாமான் எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் கண்ணில் பட்டது, கண்ணை எடுத்துக்கொண்டேன்.

ஓணத்துக்கு முன்னால், சாலையில் தலை நுழைக்க முடியாத கூட்டம் இருந்த நாட்களில் ஒருநாள், கடை திறந்தவுடன் மூத்தவர் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மடியிலிருந்து ஒரு துணியை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். காக்கு இரண்டு துண்டாக இருந்தது. மேல்பூச்சு உரிந்து, முறிந்த இடமெல்லாம் செம்பு நிறம் ஏறியிருந்தது. கொட்டாங்கச்சியில் முக்கிய ஆணியின் அதே நிறம்.

அவர் சொன்னதை இப்போதும் வரிவரியாகச் சொல்ல என்னால் முடியும். மழைக்கு முன்னால் அடித்த முதல் மருந்து நன்றாக நடந்தது. நாற்பது நாள் கழித்து, கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில் மழை கொஞ்சம் விட்ட சமயம், இரண்டாம் மருந்து. தம்பி மரத்தின் உச்சியில் இருந்தான். காக்கு இறுகிப்போய் அடைய மறுத்தது. அடிக்க வேண்டாம் என்று கத்தியிருக்கிறான். ஆற்று இரைச்சலில் கீழே பம்பு அடித்தவருக்குக் கேட்கவில்லை. பலம் கொடுத்துத் திருகினான். கழுத்து முறிந்து, சுண்ணாம்பும் துத்தமுமாக முகத்தில் கொட்டியது. ஒரு கை மரத்தில், ஒரு கையில் குழல். துடைக்கக் கை இல்லை. அப்படியே இறங்கி ஆற்றில் முகத்தைக் கழுவினான். மறுபடி மழை கொட்டி ரோடு இடிந்து கிடந்ததால் ஆசுபத்திரிக்கு மூன்றாம் நாள்தான் கொண்டுவர முடிந்தது.

"வலது கண்ணு தீரப் போச்சு தம்பி. மத்ததுல வெளிச்சம் மட்டும் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆள் அடையாளம் தெரியாது."

இப்போது கேட்பார், எழுந்து நின்று சட்டையைப் பிடித்துக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"அவனுக்குப் பொறுமை கிடையாது. சின்னதிலேயே அப்படியாக்கும். பைய திருகியிருந்தா பைய அடைஞ்சிருக்கும். முறுக்கி முறிச்சுட்டான். நல்ல சாதனத்தைக் கெடுத்து, கண்ணையும் கெடுத்துட்டு இருக்கான். எத்தனை மட்டம் ஏசினாலும் எனக்கு ஆற மாட்டேங்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒண்ணு தம்பி. உம்ம கைராசி பெரிசு. காய் உதிரவே இல்லை. இப்படி ஒரு குலை நான் கண்டு அஞ்சாறு வருசம் ஆச்சு. அதுதான் இன்னைக்கும் போணிக்கே வந்தேன். அதே போல இன்னொண்ணு உம்ம கையாலே தாரும்."

முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அது இரும்பு என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தம்பி மேல் பிழையில்லை, என் மேல்தான் பிழை என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால், வீட்டில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஏச்சாவது இல்லாமல் போயிருக்கும். தட்டிலிருந்து பித்தளைக் காக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இழுப்பறையில் 'கல்லாறு' என்று எழுதி வைத்ததை எடுக்கக் கை வரவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கோழை என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மறு வருடம் விஷுவுக்குக் கடையை ஒதுக்கும்போது முதலாளி என் இழுப்பறையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். "என்னடே இது கல்லாறு? எவனுக்கோ எடுத்து வச்சதுன்னா வித்துத் தொலை, தூங்குத சரக்கு நமக்கு எதுக்கு?" என்றார். விற்க மனம் வரவில்லை. நானே அதை வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த லீவு நாளில் நெடுமங்காட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே மாறி, விதுரா போய், மீதி தூரத்தை மரம் ஏற்ற மலைக்குப் போகும் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு கல்லாற்றில் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூத்தவர் விதுராச் சந்தைக்குப் போயிருந்தார். முற்றத்தில் காயப்போட்ட பாக்குக் குவியலின் பக்கத்தில் இளையவன் தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டிரண்டு பாக்காக எடுத்து ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தைக் கேட்டு, நல்லதை ஒரு பக்கமும் சொத்தையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தான். வலது கண் வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முகத்தை என் பக்கம் திருப்பினான். என்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்தான். நான் யாரென்று சொன்னேன். அவன் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் வந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்துக் காக்கை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரலால் ஒருமுறை தடவி, திருகைத் திருப்பி, வாயில் வைத்து ஊதினான்.

"பித்தளை" என்றான். "இது அழாது."

நான் சொல்லிவிட்டேன். போணி, முதலாளியின் பார்வை, இழுப்பறை, கார்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அழகாக ஒத்திகை பார்த்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. முன்னும் பின்னுமாக உளறினேன். அவன் பாக்குத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அது இரும்புன்னு எனக்கு அப்பவே தெரியும் அண்ணாச்சி. மொதல் மருந்து அடிச்சுக் கழுவும்போதே உள்ள செவப்பேறி இருந்தது. ஆணி முக்கிக் காட்டித் தந்தது நீங்கதானே?"

"பின்னே ஏன் அண்ணன்கிட்ட சொல்லல்லை?"

"எப்படிச் சொல்லுகது? கண்ணு தெரியாத மனுஷன் ரெண்டு மட்டம் திருவனந்தபுரத்துக்கு அலைஞ்சு, மடியில முடிஞ்சு கொண்டு வந்து, விளக்கு முன்ன வச்சு எடுத்துத் தந்தாரு. அது ஆகாதுன்னு சொன்னா அவரு மொகம் எப்படி ஆவும்? ரெண்டாவது மருந்துக்கு முன்ன நானே சாலைக்கு வந்து சத்தமில்லாம மாத்திக்கிடலாம்னு நெனச்சேன். ரோடு இடிஞ்சு போச்சு."

பிறகு அவன், கோபம் ஒரு துளியும் இல்லாமல், ஒரு தகவல் சொல்கிறவன்போலச் சொன்னான்:

"அன்னைக்கு நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா காத்திருப்போம் அண்ணாச்சி. அந்த வருசம் மழை பத்து நாள் தாமசிச்சுத்தானே வந்தது."

சரக்கு நாலாம் நாள் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாமல் அழ முடியும் என்ற நினைப்பு வந்ததும் அதற்கும் வெட்கமாகிவிட்டது.

அண்ணன் வரட்டும், அவரிடமும் சொல்லிவிடுகிறேன், இனியாவது உன்னை ஏசாமல் இருப்பார் என்றேன். அவன் அவசரமாகக் கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்தான்.

"சொல்லாண்டாம். என்னை ஏசுகது வரை அவருக்குச் சோறு எறங்குது. இரும்பை வாங்கிட்டு வந்தது தானாக்கும்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போவாரு. மேல நான் கெடந்து கத்தும்போ கீழ பம்பு அடிச்சதும் அவருதானே? அதை நெனைக்க அவரை விடாண்டாம்."

நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினால் அவனுக்குத் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. "சரி" என்றேன்.

நாலு மணிக்கு மூத்தவர் வந்தார். என்னைக் கண்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. கைராசிக்காரர் வீடு தேடி வந்திருக்கிறார் என்று கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார்; ஒரு குலைப் பாக்கைக் கட்டி என் பக்கத்தில் வைத்தார். இந்த வருடம் மரம் ஏற நெடுமங்காட்டிலிருந்து கூலிக்கு ஆள் வருகிறதாம். பம்பு அடிப்பது தம்பிதானாம். அதற்குக் கண் வேண்டாமே என்றார். தம்பியின் கையிலிருந்த புதுக் காக்கை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது உறுதிதானே தம்பி?"

"முழுப் பித்தளை அண்ணாச்சி. உள்ளயும் வெளியிலயும் பித்தளைதான்" என்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு வருடம் தாமதித்து நேராகச் சொன்ன பதில் அது.

அவர் காக்கைத் திருப்பிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த முறிஞ்சு போனதும் பித்தளைதானே? நீருதானே தந்தீரு?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மங்கலான கண்ணுக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது.

"அதுவும் பித்தளைதான் அண்ணா" என்றான் இளையவன், பாக்கு இரண்டை எடுத்துத் தட்டிக்கொண்டே. "நான்தான் முறிச்சுட்டேன்."